பக் (பிழை) எஸ்கியூலைட்டிலா, நம் கோடிலா? கண்டுபிடிப்பது முதல் புகார் எழுதுவது வரை முழுமையான வழிகாட்டி

விண்டோஸ் கணினியின் டெம்ப் ஃபோல்டரில் எஸ்கியூலைட் (ஆப்புகள் தரவைச் சேமிக்கப் பயன்படுத்தும் டேட்டாபேஸ் லைப்ரரி) என்ற பெயரைப் பின்னாலிருந்து முன்னால் எழுதியதுபோல விசித்திரமான பெயரில் சில ஃபைல்கள் கிடக்கும். முன்பு அவை நேரான பெயரில்தான் இருந்தன. மெக்காஃபி ஆன்டிவைரஸ் தனக்குள் எஸ்கியூலைட்டைச் சேர்த்துக்கொண்ட பிறகு, அந்தப் பெயரில் டெம்ப் ஃபைல்கள் குவியத் தொடங்கின. கடுப்பானவர்கள் கூகுளில் தேடி டெவலப்பர்களின் தொலைபேசி எண்ணைக் கண்டுபிடித்தார்கள், நடுராத்திரியில் எழுப்பித் திட்டினார்கள். 2006-இல் பெயரைத் திருப்பிப் போட்டு, ஏன் திருப்பினோம் என்பதை சோர்ஸ் கோடிலேயே கமென்டாகவும் எழுதி வைத்துவிட்டார்கள்.

எஸ்கியூலைட் மேல் விழும் பழிகளில் பலவும் இன்றைக்கும் இந்த ரகம்தான். ரிச்சர்ட் ஹிப் 2000-இல் வெளியிட்ட இந்த லைப்ரரிக்குத் தனியாக சர்வர் கிடையாது. நம் ஆப்பின் ப்ராசஸுக்குள்ளேயே ஓடுகிறது. அதனால் நம் கோடில் நடக்கும் தவறும் அதன் எரராகவே திரையில் வரும். அதற்காக அதில் பக்கே இல்லை என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு பதிப்பின் மாற்றக் குறிப்பிலும் திருத்தங்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. உண்மையான பக் எது, நம் கைவேலை எது என்று பிரித்தெடுப்பதில்தான் வேலை இருக்கிறது. கீழே உள்ள வரிசையில் போனால் பெரும்பாலும் பாதி வழியிலேயே விடை கிடைத்துவிடும்.

படி 1: எதையும் தொடுவதற்கு முன் குறித்துக்கொள்ள வேண்டியவை

முதலில் பதிப்பு எண். உங்கள் கணினியில் உள்ள ஷெல்லின் (எஸ்கியூலைட்டின் கட்டளைவரி நிரலின்) பதிப்பு இங்கே உதவாது. ஆப்புக்குள் ஓடுகிற லைப்ரரியின் பதிப்புதான் வேண்டும். ஆப்பின் கனெக்ஷனிலேயே "செலக்ட் எஸ்கியூலைட்_வெர்ஷன்()" ஓட்டிப் பாருங்கள். ஆண்ட்ராய்டில் சிஸ்டத்தோடு வரும் லைப்ரரியைப் பயன்படுத்தினால் ஒவ்வொரு ஃபோனிலும் ஒவ்வொரு பதிப்பு இருக்கும். "என் ஃபோனில் ஓடுகிறது, கஸ்டமர் ஃபோனில் சின்டாக்ஸ் எரர்" என்று வரும் புகார்களில் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். எஸ்கியூஎல் (டேட்டாபேஸிடம் கேட்கும் மொழி) வசதிகளில் அப்சர்ட் 3.24-இல் வந்தது, விண்டோ ஃபங்ஷன்கள் 3.25-இல், ரிட்டர்னிங் 3.35-இல். பழைய ஃபோனுக்கு இவை எதுவும் தெரியாது.

அடுத்து எரர் எண். செய்தி வாசகத்தை மட்டும் வைத்துக்கொண்டு தேடாதீர்கள். 5 என்றால் பிஸி, 6 என்றால் லாக்ட். இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் வேறு வேறு நோய்கள். 11 கரப்ட், 26 "இது டேட்டாபேஸே இல்லை", 21 மிஸ்யூஸ். இவற்றுக்கு மேல் எக்ஸ்டெண்டட் எரர் கோடு என்று ஒன்று உண்டு. அது கிடைத்தால் வேலை பாதியாகக் குறையும். பல ரேப்பர்கள் (லைப்ரரியைச் சுற்றி ஒவ்வொரு மொழிக்கும் எழுதிய இடைநிலைக் கோடு) அதை மறைத்துவிடும். லாகில் எழுத வையுங்கள்.

படி 2: அது பக்-ஆ, குணமா?

எஸ்கியூலைட்டின் சில குணங்கள் புதியவர்களுக்கு அப்பட்டமான பக் மாதிரியே தெரியும். அவற்றை முதலில் கழித்துவிடுங்கள்.

ஃபாரின் கீ (ஒரு டேபிளின் வரி இன்னொரு டேபிளில் இருக்கும் வரியையே சுட்ட வேண்டும் என்ற விதி) தானாக வேலை செய்யாது. பழைய டேட்டாபேஸ்கள் உடையக்கூடாது என்பதற்காக இயல்பில் அணைத்தே வைத்திருக்கிறார்கள். "பிராக்மா ஃபாரின்_கீஸ் = ஆன்" என்பதை ஒவ்வொரு கனெக்ஷன் திறக்கும்போதும் சொல்ல வேண்டும். ஒருமுறை சொன்னால் ஃபைலில் பதிந்துவிடாது.

காலத்தின் (column, டேபிளின் நெடுவரிசை) டைப்பை எஸ்கியூலைட் கட்டாயமாக எடுத்துக்கொள்வதில்லை. இன்டிஜர் காலத்தில் "ஏபிசி" என்று போட்டால் அப்படியே வாங்கிக்கொள்ளும். வார்சார் 10 என்று எழுதினாலும் பத்தாயிரம் எழுத்து உள்ளே போகும். இதில் பலரும் மாட்டுகிற இடம் ஒன்று உண்டு. வேறு மொழிப் பழக்கத்தில் காலத்தின் டைப்பை "ஸ்ட்ரிங்" என்று எழுதிவிடுவார்கள். எஸ்கியூலைட்டின் விதிப்படி அந்தச் சொல்லுக்கு நியூமரிக் குணம்தான் கிடைக்கும். 044 என்று தொடங்கும் சென்னை லேண்ட்லைன் எண்ணைப் போட்டால் முன்னால் இருக்கும் 0 காணாமல் போகும். "டெக்ஸ்ட்" என்று எழுதியிருந்தால் இந்தப் பிரச்சினையே இல்லை. கறாராக வேண்டுமென்றால் 2021-இல் 3.37-இல் வந்த ஸ்ட்ரிக்ட் டேபிள்களைப் பயன்படுத்துங்கள்.

"கரன்ட்_டைம்ஸ்டாம்ப்" தருவது உலகப் பொது நேரம். நம் நேரம் அதற்கு ஐந்தரை மணி முன்னால். கோயம்பேடு மாதிரி விடிவதற்கு முன்பே வியாபாரம் நடக்கிற இடத்துக்கு பில்லிங் ஆப் எழுதினால், காலை 5.30-க்கு முன் போட்ட பில் எல்லாம் நேற்றைய கணக்கில் ஏறும். தேதியைக் காட்டும்போது "லோக்கல்டைம்" சேர்க்க வேண்டும்.

இன்னும் சில: டெலீட் செய்தால் ஃபைல் அளவு குறையாது, காலியான பக்கங்கள் மறுபடி பயன்படுவதற்காக உள்ளேயே இருக்கும், குறைக்க வேக்யூம் ஓட்ட வேண்டும். 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டி 0.3-உடன் ஒப்பிட்டால் சமம் இல்லை என்று வரும். பணத்தைப் பைசாவாக்கி இன்டிஜரில் வையுங்கள். டபுள் கோட்டுக்குள் காலம் பெயரைத் தப்பாக எழுதினால் எரர் தராமல் அதை வெறும் சரமாக எடுத்துக்கொள்ளும் வழக்கமும் உண்டு. இது தங்கள் பழைய தவறு என்று எஸ்கியூலைட் ஆவணமே ஒத்துக்கொள்கிறது.

படி 3: "டேட்டாபேஸ் லாக்ட்"

எஸ்கியூலைட்டில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும். இது மாறாது. 2010-இல் 3.7-இல் வந்த வால் (WAL) மோடில், அதாவது மாற்றங்களை முதலில் தனி ஃபைலில் எழுதும் முறையில், படிப்பவரும் எழுதுபவரும் ஒருவரை ஒருவர் தடுக்க மாட்டார்கள் என்பது பெரிய விடுதலை. ஆனால் அங்கும் எழுதுபவர் ஒருவர்தான்.

எரர் 5 வந்தால் (அதன் செய்தி வாசகம்தான் "டேட்டாபேஸ் லாக்ட்") முதலில் பிஸி டைம்அவுட்டைப் பாருங்கள். லைப்ரரியின் இயல்பு மதிப்பு 0. லாக் கிடைக்காத நொடியிலேயே கையை விரித்துவிடும். "பிராக்மா பிஸி_டைம்அவுட் = 5000" என்று வைத்தால் ஐந்து நொடி வரை முயன்று பார்க்கும். பைத்தானின் மாட்யூல் தானாகவே ஐந்து நொடி வைத்துக்கொள்கிறது. அதனால்தான் பைத்தானில் ஓடிய அதே வேலை சி-க்கு மாற்றியதும் எரர் தருகிறது.

டைம்அவுட் வைத்தும் உடனே எரர் வருகிறதா? இதைத்தான் எல்லோரும் பக் என்று நினைத்துப் புகார் செய்கிறார்கள். நடப்பது இது. நீங்கள் வெறும் "பிகின்" போட்டு டிரான்சாக்ஷனை (முழுதாக முடியும் அல்லது முழுதாக ரத்தாகும் வேலைத்தொகுப்பை) தொடங்குகிறீர்கள். முதலில் ஒரு செலக்ட். அதனால் உங்களுக்கு அந்த நிமிடத்து நிலையின் ஒரு படம் கிடைக்கிறது. அதற்குள் வேறொரு கனெக்ஷன் எழுதி கமிட் செய்துவிடுகிறது. இப்போது நீங்கள் அப்டேட் செய்யப் போனால், உங்கள் கையில் இருப்பது பழைய படம். எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் அது புதிதாகாது. ஆகவே லைப்ரரி காத்திருக்காமலேயே மறுத்துவிடுகிறது. வால் மோடில் இதன் எக்ஸ்டெண்டட் கோடு 517. மருந்து எளிது: எழுதப்போகிறோம் என்று தெரிந்த டிரான்சாக்ஷனை "பிகின் இம்மீடியட்" என்று தொடங்குங்கள். அப்போது வரிசை தொடக்கத்திலேயே வந்துவிடும். டைம்அவுட்டும் ஒழுங்காக வேலை செய்யும்.

வால் ஃபைல் ஜிபி கணக்கில் வீங்குகிறது என்ற புகாரும் இதன் உறவுதான். செலக்ட்டை ஓட்டி, பாதி வரிகளைப் படித்துவிட்டு, ஸ்டேட்மெண்டை ரீசெட் செய்யாமல் விட்டால் அந்தப் படிப்பு முடிந்ததாகவே கணக்கில்லை. அந்தக் கனெக்ஷன் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறது என்று செக்பாயிண்ட் (வால் ஃபைலில் உள்ளதை முதன்மை ஃபைலுக்கு மாற்றும் வேலை) அதற்காக நிற்கும், ஃபைல் வளரும். திறந்த கர்சர்களைத் தேடுங்கள். டிரான்சாக்ஷனுக்கு நடுவில் நெட்வொர்க் கால் செய்கிற கோடு இருந்தால் அதையும் வெளியே எடுங்கள்.

டேட்டாபேஸ் ஃபைல் ஷேர்டு டிரைவில் இருந்து, பல கணினிகள் திறக்கின்றனவா? இதற்கு மேல் ஆராய வேண்டாம். வால் மோடு ஒரே கணினியின் மெமரியைப் பகிர்ந்துகொண்டு வேலை செய்வது. நெட்வொர்க் ஃபைல் சிஸ்டத்தில் அது நடக்காது. அங்கே போஸ்ட்கிரஸ் மாதிரி ஒரு சர்வர்தான் சரி.

படி 4: ஃபைல் கெட்டுப்போனால்

எரர் 11 அல்லது 26. கை பரபரக்கும், ஆனாலும் முதல் வேலை, உள்ளதை உள்ளபடி நகலெடுப்பது. டேட்டாபேஸ் ஃபைலோடு பக்கத்தில் வால் அல்லது ஜர்னல் என்று முடியும் ஃபைல் இருந்தால் அதையும் சேர்த்து எடுங்கள். அது குப்பை அல்ல. கமிட் ஆன தரவு இன்னும் அதற்குள்தான் இருக்கலாம். "தேவையில்லாத ஃபைல் என்று அழித்தேன், அப்புறம்தான் கெட்டது" என்பது இந்தத் துறையின் நிரந்தரப் புலம்பல்.

பிறகு நகலின் மேல் "பிராக்மா இன்டெக்ரிட்டி_செக்" ஓட்டுங்கள். இன்டெக்ஸில் (தேடலை வேகமாக்கும் துணைப் பட்டியலில்) வரி குறைகிறது என்ற ரகச் செய்திகள் மட்டும் வந்தால் தரவு பெரும்பாலும் பத்திரம்; ரீஇன்டெக்ஸ் (இன்டெக்ஸை மறுபடி கட்டுவது) போதும். பக்கங்களே சிதைந்திருந்தால் ஷெல்லின் "ரெக்கவர்" கட்டளை கிடைத்ததை எடுத்துப் புதிய டேட்டாபேஸுக்குத் தேவையான எஸ்கியூஎல்லாகக் கொட்டும். 26 வந்தால் ஃபைலின் முதல் 16 பைட்டைப் பாருங்கள். எஸ்கியூலைட் ஃபார்மேட் 3 என்ற சொற்கள் அங்கே படிக்கும்படி இருக்க வேண்டும். இல்லையென்றால் அது என்கிரிப்ட் ஆன ஃபைலாகவோ, தவறான ஃபைலாகவோ இருக்கும்.

இனி, எப்படிக் கெட்டது? முதல் சந்தேகம் பேக்கப் மேல். ஆப் எழுதிக்கொண்டிருக்கும்போதே ஃபைலைச் சாதாரணமாகக் காப்பி செய்தால் பாதி பழையது, பாதி புதியது என்று ஒரு கலவை கிடைக்கும். பேக்கப் ஏபிஐ அல்லது 2019-இல் வந்த "வேக்யூம் இன்டு" பயன்படுத்துங்கள்.

இரண்டாவது காரணம் லினக்ஸ், மேக் பக்கம். அதிகம் பேர் அறியாதது. போசிக்ஸ் (யூனிக்ஸ் வகைச் சிஸ்டங்களின் பொது விதிமுறை) லாக்குகளின் விதிப்படி, ஒரு ப்ராசஸ் ஒரே ஃபைலை இரண்டு முறை திறந்து அதில் ஒன்றை மூடினாலே, அந்த ஃபைலின் மேல் அந்த ப்ராசஸ் வைத்திருந்த எல்லா லாக்கும் போய்விடும். உங்கள் ஆப் டேட்டாபேஸைத் திறந்து வைத்திருக்கும்போதே, செக்சம் பார்க்கவோ அப்லோட் செய்யவோ அதே ஃபைலைச் சாதாரண முறையில் திறந்து மூடுகிறதா? அந்த நிமிடம் எஸ்கியூலைட்டின் லாக் அதற்கே தெரியாமல் கழன்றுவிட்டது. லைப்ரரி இதைத் தன் அளவில் சமாளிக்க ஏற்பாடு வைத்திருக்கிறது. ஆனால் ஒரே ஆப்புக்குள் எஸ்கியூலைட்டின் இரண்டு நகல்கள் லிங்க் ஆகியிருந்தால் ஒன்றின் ஏற்பாடு மற்றதற்குத் தெரியாது. ஃபோர்க் செய்த பிறகு தாய் ப்ராசஸின் கனெக்ஷனைக் குழந்தை பயன்படுத்துவதும் இதே ஆபத்துதான்.

மூன்றாவது, ஹார்ட்வேர். "எழுதிவிட்டேன்" என்று பொய் சொல்லும் மலிவான மெமரி கார்டும் பென் டிரைவும் கரண்ட் போனதும் உண்மையைக் காட்டும்.

படி 5: தமிழ்த் தரவு வைத்திருப்பவர்களுக்கு

இந்தப் பகுதியை ஆங்கில ஆவணங்களில் தேடினால் சிதறித்தான் கிடைக்கும். அதனால் கொஞ்சம் விரிவாகவே.

கேள்விக்குறிகளாகத் தெரிகிறது என்றால் "ஹெக்ஸ்()" ஃபங்ஷனால் பாருங்கள். 3எஃப் வரிசையாக வந்தால் உண்மையிலேயே கேள்விக்குறிகள்தான் சேமிக்கப்பட்டிருக்கின்றன. தரவு உள்ளே வரும் வழியில் எங்கோ என்கோடிங் உடைந்திருக்கிறது. ஒவ்வொரு எழுத்துக்கும் இ0 என்று தொடங்கும் மூன்று பைட்டுகள் வந்தால் தமிழ் பத்திரமாக இருக்கிறது. காட்டுகிற கன்சோலுக்குத்தான் தமிழ் தெரியவில்லை.

"தமிழ்" என்ற சொல்லுக்கு "லெங்த்()" 5 என்று சொல்லும். நமக்கு மூன்று எழுத்து. அதற்கு த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து யூனிகோட் புள்ளிகள். பக் அல்ல.

தேடினால் கிடைக்கவில்லை என்ற புகார்தான் ஆளைச் சுற்றவிடும். "கொடி" என்று டேபிளில் இருக்கிறது, கண்ணால் பார்க்கிறோம், ஆனால் சமக்குறி போட்டுத் தேடினால் சுழியம் வரி. ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், எகரக் கொம்பும் காலும் தனித்தனியாக இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. "கொ" என்பதன் லெங்த் முதலாவதில் 2, இரண்டாவதில் 3. எஸ்கியூலைட் பைட்டைத்தான் ஒப்பிடும். தானாக நார்மலைஸ் செய்யாது. வெவ்வேறு கீபோர்டிலிருந்தும் பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய ஃபைலிலிருந்தும் தரவு வந்தால் இந்தக் கலப்படம் நிச்சயம். உள்ளே எழுதும் முன்பும் தேடும் முன்பும் உங்கள் மொழியின் நார்மலைஸ் ஃபங்ஷனால் ஒரே வடிவத்துக்கு, என்எஃப்சி-க்கு, கொண்டுவாருங்கள்.

ஆர்டர் பை போட்டால் அகராதி வரிசை வராது. யூனிகோடில் ன என்பது ந-வுக்கு அடுத்து, ப-வுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது. நம் வரிசையில் அது கடைசி. புள்ளி வைத்த எழுத்துகளும் உயிர்மெய்களுக்குப் பிறகு போய் நிற்கும். ஐசியூ (மொழிகளின் வரிசை விதிகள் தெரிந்த யூனிகோட் லைப்ரரி) நீட்சி சேர்த்து கம்பைல் செய்யலாம், அல்லது சொந்தமாக ஒரு கொலேஷன் (வரிசை விதி) எழுதலாம். எழுதினால் ஒன்றை மறக்காதீர்கள்: அடுத்த பதிப்பில் அந்த வரிசை விதியை மாற்றினால், பழைய விதிப்படி கட்டிய இன்டெக்ஸ் எல்லாம் தவறாகிவிடும். இன்டெக்ரிட்டி செக் அதைக் கெட்டுப்போன டேட்டாபேஸ் என்றே சொல்லும். விதி மாறினால் ரீஇன்டெக்ஸ் கட்டாயம்.

எஃப்டிஎஸ்5 முழு உரைத் தேடலில், இயல்பாக வரும் யூனிகோட்61 டோக்கனைசர் எழுத்து, எண் வகைகளை மட்டுமே சொல்லின் பகுதியாக எடுக்கும். நம் உயிர்க்குறிகளும் புள்ளியும் யூனிகோடில் "மார்க்" வகை. ஆகவே அவை வரும் இடத்திலெல்லாம் சொல் துண்டாகும். டோக்கனைசரின் "கேட்டகரீஸ்" விருப்பத்தில் மார்க் வகைகளையும் சேர்த்து டேபிளை மறுபடி உருவாக்குங்கள்.

படி 6: மெதுவாக ஓடுகிறது

ஆயிரம் இன்சர்ட்டுக்குப் பல நொடி ஆகிறதா? ஒவ்வொன்றும் தனி டிரான்சாக்ஷனாகப் போகிறது. பழைய 7200 ஆர்பிஎம் டிஸ்கில் நொடிக்குச் சுமார் 60 டிரான்சாக்ஷன்தான் முடியும். அதே கணினியில் ஒரே டிரான்சாக்ஷனுக்குள் நொடிக்கு 50,000 இன்சர்ட் போகும் என்று எஸ்கியூலைட் தளமே சொல்கிறது. செலக்ட் மெதுவென்றால் "எக்ஸ்ப்ளெயின் க்வெரி பிளான்" போடுங்கள். பெரிய டேபிளின் பெயருக்கு முன் "ஸ்கேன்" என்று வந்தால் இன்டெக்ஸ் இல்லை, அல்லது பயன்படவில்லை. "அனலைஸ்" (டேபிள்களின் புள்ளிவிவரம் சேகரிக்கும் கட்டளை) ஓட்டியபின் மறுபடி பாருங்கள்.

படி 7: விடையே தவறாக வருகிறது

இங்கேதான் உண்மையான பக் கிடைக்க வாய்ப்பு. அதற்கு முன் நல்லை (NULL, மதிப்பே இல்லாத இடம்) கழியுங்கள். "நாட் இன்" போட்ட சப்க்வெரியில் ஒரே ஒரு நல் இருந்தாலும் ஒரு வரிகூட வராது. அது எஸ்கியூஎல் தர்க்கமே.

சந்தேகம் தீரவில்லை என்றால் ஒரு சோதனை. உங்கள் நிபந்தனை "தொகை > 500" என்று வையுங்கள். அது உண்மையாகும் வரிகள், பொய்யாகும் வரிகள், நல் ஆகும் வரிகள் மூன்றையும் தனித்தனியே எண்ணிக் கூட்டினால் மொத்த வரிகளுக்குச் சமமாக வர வேண்டும். வராவிட்டால் எங்கோ கோளாறு. இன்னொன்று: நிபந்தனையை வேர் (WHERE) பகுதியிலிருந்து எடுத்து செலக்ட் பகுதியில் போட்டு, உண்மையானவற்றை மட்டும் கூட்டுங்கள். ஆப்டிமைசருக்கு (க்வெரியை வேகமாக ஓட்ட வழி தேடும் பகுதிக்கு) அங்கே கைவைக்க இடம் குறைவு. இரண்டு விடையும் வேறுபட்டால் மாட்டியது. மானுவல் ரிகரும் சென்டாங் சூவும் இதே யோசனைகளைத் தானியங்கிக் கருவியாக்கித்தான் எஸ்கியூலைட் உட்படப் பல டேட்டாபேஸ்களில் மறைந்திருந்த பக்குகளை வெளியே கொண்டுவந்தார்கள்.

அடுத்து, நகலில் இன்டெக்ரிட்டி செக் சுத்தமாக வருகிறதா என்று பார்த்துவிட்டு இன்டெக்ஸை ட்ராப் செய்து அதே க்வெரியை ஓட்டுங்கள். இன்டெக்ஸ் இருந்தால் ஒரு விடை, இல்லாவிட்டால் வேறு விடை, கொலேஷனும் நீங்கள் எழுதியது இல்லை என்றால், இனிப் புகார் எழுதலாம்.

கிராஷ் ஆனால் கதை வேறு. ஸ்டாக் ட்ரேஸின் உச்சியில் எஸ்கியூலைட்டின் ஃபங்ஷன் இருப்பதால் மட்டும் குற்றவாளி அதுவாகிவிடாது. நம் கோடு கெடுத்த மெமரியில் முதலில் இடறி விழுவதும் அதுவாக இருக்கலாம். அட்ரஸ் சானிடைசர் (மெமரித் தவறுகளைக் காட்டும் கருவி) போட்டு ஓட்டுங்கள். மூடிய கனெக்ஷனை இன்னொரு த்ரெட் பயன்படுத்துகிறதா என்று பாருங்கள்.

படி 8: புகாரைச் சுருக்கி எழுதுதல்

"பில் தேடும்போது சில நேரம் தவறாக வருகிறது, அவசரம், ஸ்கிரீன்ஷாட் இணைத்துள்ளேன்" என்ற புகாரை வைத்து யாராலும் எதுவும் செய்ய முடியாது. "இந்த ஆறு வரியை ஷெல்லில் ஒட்டினால் 2 வர வேண்டிய இடத்தில் 1 வருகிறது. இன்டெக்ஸ் வரியை எடுத்துவிட்டால் 2 வருகிறது. முந்தைய பதிப்பில் சரியாக இருந்தது" என்று எழுதுங்கள். படிப்பவர் உடனே ஒட்டிப் பார்ப்பார்.

அந்த ஆறு வரிக்கு வருவதற்கு வழி, வெட்டிக்கொண்டே போவதுதான். பைத்தானையோ ஓஆர்எம்மையோ (எஸ்கியூஎல்லை நமக்காக எழுதும் லைப்ரரி) விட்டு வெறும் ஷெல்லில் அதே தவறு வருகிறதா? வராவிட்டால் புகார் போக வேண்டிய முகவரி ரேப்பர். வந்தால் பாதி வரிகளை அழியுங்கள், இன்னும் வருகிறதா? காலங்களைக் குறையுங்கள், ஜாயினை எடுங்கள், கஸ்டமர் பெயர்களை அ, ஆ என்று மாற்றுங்கள். எந்த வெட்டில் தவறு மறைகிறதோ அதைத் திரும்பப் போடுங்கள்.

தரவைக் குறைத்ததும் தவறு மறைந்துவிட்டால், பிளானரின் (க்வெரியை எந்த வழியில் ஓட்டுவது என்று தீர்மானிக்கும் பகுதியின்) முடிவு அனலைஸ் புள்ளிவிவரத்தைச் சார்ந்தது என்று அர்த்தமாக இருக்கலாம். அதற்கென்றே ஷெல்லில் "ஃபுல்ஸ்கீமா" என்ற கட்டளை இருக்கிறது. டேபிள் அமைப்போடு அந்தப் புள்ளிவிவர டேபிள்களையும் கொட்டும். தரவு தராமலேயே பிளானை மறுபடி உருவாக்க அது போதும்.

அனுப்பும் முன் ஆகப் புதிய பதிப்பில் ஒருமுறை ஓட்டுங்கள். மொத்த லைப்ரரியும் ஒரே சி ஃபைலாகக் கிடைப்பதால் கம்பைல் செய்ய அதிக நேரம் ஆகாது. அங்கே தவறு இல்லை என்றால் அப்கிரேட்தான் விடை. இருந்தால் எந்தப் பதிப்பு வரை சரியாக இருந்தது என்பதையும் பழைய பதிப்புகளில் ஓட்டிச் சேர்த்துவிடுங்கள். புகாரில் இருக்க வேண்டியவை: ஸ்கிரிப்ட், எதிர்பார்த்த விடை, வந்த விடை, பதிப்பின் முழு அடையாள வரி, "பிராக்மா கம்பைல்_ஆப்ஷன்ஸ்" வெளியீடு. கெட்டுப்போன ஃபைல் பற்றிய புகாரென்றால் ஃபைலைவிட அது எப்படிக் கெட்டது என்ற கதைதான் முக்கியம். சடலத்தை மட்டும் அனுப்பினால் பெரிதாக எதுவும் தெரியாது.

திருத்தத்தையும் நீங்களே எழுதி அனுப்ப நினைத்தால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். எஸ்கியூலைட் பப்ளிக் டொமைனில் இருக்கிறது. அந்த நிலை கலங்கக்கூடாது என்பதால் வெளியாட்களின் கோடை அவர்கள் பொதுவாகச் சேர்த்துக்கொள்வதில்லை. சோர்ஸ் எல்லோருக்கும் திறந்தது, பங்களிப்பு அப்படி அல்ல. நல்ல ஸ்கிரிப்டுக்கு இருக்கும் மதிப்பு பேட்சுக்கு இருக்காது.

படி 9: திருத்தம் வரும்வரை

தவறான இன்டெக்ஸ் பயன்பாடுதான் காரணம் என்றால், நிபந்தனையில் காலம் பெயருக்கு முன் ஒரு கூட்டல் குறி போடுங்கள். பெரும்பாலும் விடையை மாற்றாமல், அந்த நிபந்தனைக்கு இன்டெக்ஸைத் தொடாதே என்று பிளானருக்குச் சொல்லும் பழைய உத்தி அது. டேபிள் பெயருக்குப் பின் "நாட் இன்டெக்ஸ்டு" போடுவதும் உண்டு. அதுவும் உதவாவிட்டால் சரியாக ஓடிய பதிப்புக்குத் திரும்பி, லைப்ரரியை ஆப்போடு சேர்த்தே அனுப்புங்கள். சிஸ்டம் பதிப்பை நம்பியிருக்க வேண்டாம். எந்தப் புகாருக்காக அந்தக் கூட்டல் குறி என்று பக்கத்திலேயே கமென்ட் எழுதி, சுருக்கிய ஸ்கிரிப்டையும் உங்கள் டெஸ்ட் ஃபோல்டரில் சேர்த்துவிடுங்கள். ஒவ்வொரு அப்கிரேடிலும் அது ஓடட்டும். ஸ்கிரிப்ட் சரியான விடை தந்த அன்றைக்குக் கூட்டல் குறியை எடுத்துவிடலாம்.